அட்டையில் எதற்கடா கண்ணீர்?

ஹட்டன்,
ஞாயிறு, விடாத மழை

அன்பின் மச்சான்,

நீ புத்தகமாகப் போடப்போகிற கதைக்கட்டு வந்து ஐந்து கிழமையாகிறது. பதில் போடாதது என் பிழைதான், திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். கித்துல் மாஸ்டர் இன்னமும் அதே குடையோடுதான் திரிகிறார்.

கதைகள் 11-இல் ஒன்றைக்கூட நீக்க வேண்டாம். தலைப்புத்தான் தொண்டையில் நிற்கிறது. 'மலையக மக்களின் கண்ணீர்த் துளிகள்' என்று முதல் தாளில் எழுதியிருக்கிறாயே, கதைக்குள்ளே யாரடா அழுகிறார்கள்? உன் ஆட்கள் சண்டை போடுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், கணக்கப்பிள்ளையை நக்கலடிக்கிறார்கள். உள்ளே ஒருத்தரும் அழாத புத்தகத்துக்கு அட்டை மட்டும் ஒப்பாரி வைக்கிறது. அதோடு, இந்த அட்டையைக் கழற்றி நம்மவர்களின் வேறு எந்தத் தொகுப்பில் மாட்டினாலும் பொருந்தும். கொழுந்து, பனி, வியர்வை, துளி, விடியல் எல்லாம் இப்படித்தான் தேய்ந்துபோயின.

நூலுக்குப் பெயர் வரும் வழிகளை நன்னூல் பாயிரம் எட்டாகச் சொல்கிறது: முதனூல், கருத்தன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை, இவை எதுவும் இல்லாவிட்டால் காரணமில்லாமல் இட்ட இடுகுறி. தொல்காப்பியம் கருத்தனால், அதாவது எழுதியவர் பெயரால் வந்தது, நாலடி நானூறு அளவால் வந்தது. உன் தலைப்புக்காக நன்னூல் எழுதிய பவணந்தியார் ஒன்பதாவதாக 'அழுகை' என்று ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும்.

நம் பக்கத்து நல்ல தலைப்புகளையே பாரேன். கோகிலம் சுப்பையா தன் நாவலுக்கு 'தூரத்துப் பச்சை' என்றார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியின் மிச்சப் பாதியை வாசிப்பவன் தானே சொல்லிக்கொள்வான், சொல்லி முடித்ததும் உறுத்தும். தெளிவத்தை ஜோசப் 'நாமிருக்கும் நாடே' என்று வைத்தார். பாரதி பெருமையாகப் பாடிய அடியிலிருந்து வந்தது அது. 1948-இல் குடியுரிமை பறிபோன சனத்தின் கதைகளுக்கு மேலே அதைப் போட்டதும் பெருமை அப்படியே கேள்வியாகிவிட்டது. இரண்டு தலைப்பும் தமிழர் வாயில் ஏற்கெனவே இருந்த சொற்கள்தான், சோகம் என்று அறிவிப்பதும் இல்லை.

உனக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. பென்சிலோடு உட்கார்ந்து, தோட்டத்து ஆள் மட்டுமே சொல்லக்கூடிய சொற்களை உன் கதைகளில் கோடிட்டேன். முப்பதுக்கு மேல் வந்தன, மூன்றை வைத்துக்கொண்டேன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு' நல்ல சொல், ஆனால் நீயே ஒரு கதையில் பெரட்டு, இன்னொன்றில் பிரட்டு என்று எழுதியிருக்கிறாய். தேடுகிறவனுக்குப் பாதி நேரம் அகப்படாது. யாழ்ப்பாணத்து வாசகன் கணவாய்ப் பிரட்டல் என்று நினைத்து வாங்கினால் நான் பொறுப்பில்லை. லயத்து அறையைச் சொல்லும் 'கடைசிக் காம்பரா' பேய்க்கதை மாதிரிக் கேட்கிறது.

மூன்றாவது, ஏழாம் கதையில் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபின், பறித்தவளுக்கு அன்றைய அளவில் இரண்டு கிலோ குறைகிறது, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் விழுகிறது. அதே கதையில் அடையாள அட்டையிலும் அவள் பெயரில் பாதி எழுத்தைக் காணோம். நாட்சம்பளத்தில் பாதி, பெயரிலும் பாதி. நீ தெரிந்து செய்தாயோ தெரியாமல் செய்தாயோ, 'அரைப்பேர்' என்ற ஒரே சொல்லில் இரண்டும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இதைவிட வேறென்னடா வேண்டும்?

வெளியூர் வாசகனுக்கு விளங்காதே என்பாய். விளங்காவிட்டால் புரட்டிப் பார்ப்பான், பின்னட்டையில் இரண்டு வரி போதும். முன்னட்டையில் அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டாயோ, கையை ஒடிப்பேன். தலைப்புக்குக் கீழே சின்னதாக 'சிறுகதைகள்' என்பது மட்டும் கட்டாயம். அது இல்லாவிட்டால் சம்பளப் பிரச்சினை பற்றிய கட்டுரை நூல் என்று வேறு தட்டில் அடுக்கிவிடுவார்கள்.

புத்தகத்தின் முதுகையும் யோசி. 112 பக்கம் என்றால் 56 தாள். 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஆக முதுகு ஐந்தரை மில்லிமீட்டர்தான். மடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு மில்லிமீட்டர் விலகும், அதற்கு இடம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது மூன்றரை. உன் தலைப்பில் 18 எழுத்து. 'ணீ' மேலே கொம்பு, 'து' கீழே வால். எல்லாவற்றையும் அதற்குள் அடக்கினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். 'அரைப்பேர்' ஐந்தே எழுத்து.

எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய். நடுவில் 'ப்' வேண்டும், இடைவெளி வேண்டாம். பேச்சு வழக்கில் 'அரைப்பேரு' என்று போடலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது, ஆனால் நூலகப் பட்டியலில் ஒன்று, பேச்சில் ஒன்றாகப் பிரிந்துவிடும். நூலகத்தார் அட்டையைப் பார்த்து எழுதுவதில்லை, உள்தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். ஓவியர் அட்டையில் 'ப்'பை விழுங்கி, உள்ளே நீ சரியாகப் போட்டால் ஒரே புத்தகத்துக்கு இரண்டு பெயர். ஆகவே அட்டை, முதுகு, உள்தலைப்பு, பதிப்பு விவரப் பக்கம் நான்கையும் ஒரே மேசையில் விரித்து வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடு.

இன்னும் இரண்டு வேலை. ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில், 'ப்' போட்டும் போடாமலும், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதும் இருக்கிறதா என்று தேடு. பிறகு யாருக்காவது போனில் கோல் எடுத்து, தலைப்பை ஒரே தடவை சொல்லி, எழுதிக்காட்டச் சொல். 'என்ன, திரும்பச் சொல்லு' என்று கேட்டால் எனக்கு அறிவி, மறுபடி யோசிப்போம். கித்துல் மாஸ்டரிடம் மட்டும் சோதிக்காதே, அவருக்கு எதைச் சொன்னாலும் 'ரயில்வே கேட்' என்றுதான் காதில் விழும்.

தலைப்புக் கதையை ஏழிலிருந்து மூன்றுக்குக் கொண்டுவா. முதலில் வைத்தால் புத்தகமே அதுதான் என்று படித்துவிட்டு மூடிவிடுவார்கள், ஏழு வரை காக்கவைத்தால் தலைப்பு எங்கேயென்று தேடுவார்கள்.

தேசிய நூலகத்துக்கு ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்கான விண்ணப்பம் இன்னும் அனுப்பவில்லைதானே? பழைய தலைப்போடு அனுப்பிவிட்டாய் என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அங்கே பேசு.

உன்,
ஹட்டன்காரன்