அக்கரை அணு உலைகளில் செயற்கை நுண்ணறிவு: நாங்களும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுமின் நிலையங்களில் செயற்கை நுண்ணறிவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற பேச்சு வெளிநாடுகளில் சூடுபிடித்திருக்கிறது. எங்கள் பத்திரிகைகளில் அதைப் பற்றி ஒரு வரியையும் காணோம். இலங்கையில் அணு உலையே இல்லாதபோது எங்களுக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்பவர்கள் தேசப்படத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும். தமிழ்நாட்டின் கூடங்குளம், கல்பாக்கம் அணுமின் நிலையங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். கூடங்குளத்திலிருந்து கொழும்பும் கிட்டத்தட்ட அதே தூரம்தான்.

நான் மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இயந்திரம் சொல்வதை மனிதன் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுவான் என்பது எனக்குத் தெரியும். நடுச்சாமத்தில் பலகை முழுவதும் விளக்குகள் மின்னி அலாரம் அலறும்போது, கை முதலில் போவது சத்தத்தை நிறுத்தும் பொத்தானுக்குத்தான். என்ன பழுது என்று பார்ப்பது அதற்குப் பிறகு.

1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையில் அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்த விளக்கு காட்டியது, மூடச் சொல்லும் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே. வால்வின் நிலையை நேரடியாக அறிய அங்கே கருவி இருக்கவில்லை. தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று எண்ணி, அவசரக் குளிர்நீரையும் அவர்களே குறைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வால்வு திறந்தே கிடக்க, உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. எரிபொருள் இருக்கும் உலைக் கருவில் பாதியளவு உருகிப்போனது.

ஒரு சின்ன விளக்கை நம்பியே இந்த நிலை. நாளைக்குக் கணினி, ‘எல்லாம் சரி, இன்னதைச் செய்யுங்கள்’ என்று முழு வசனத்தில், தயக்கமே இல்லாமல் சொல்லப்போகிறது. நூறு தடவை அது சரியாகச் சொன்னால் நூற்றோராவது தடவை யார் சரிபார்ப்பார்? அதைவிட, பெரிய அணு விபத்துகள் நல்லகாலமாக மிகச் சிலவே நடந்திருக்கின்றன. அதனால் அப்படியான வேளைகளைப் பற்றி இந்த மென்பொருள் கற்றுக்கொள்ள உண்மையான தரவும் மிகக் குறைவு. எந்த நேரத்தில் அதன் புத்தி அதிகம் தேவையோ, அந்த நேரத்தில்தான் அதற்கு அனுபவம் இல்லை.

செயற்கை நுண்ணறிவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கலிபோர்னியாவின் டயப்லோ கன்யன் நிலையத்தில் குவிந்து கிடக்கும் ஆவணங்களில் தேட அதைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல காரியம். பம்பியின் அதிர்வைக் கவனித்துப் பழுதை முன்கூட்டியே சொன்னாலும் வரவேற்கலாம். ஆனால் ஆவணம் தேடுவதும் உலையை இயக்குபவருக்கு ஆலோசனை சொல்வதும் ஒன்றல்ல. அமெரிக்க, பிரித்தானிய, கனேடிய அணு ஒழுங்குபடுத்துநர்கள் 2024இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் பார்க்கச் சொல்கிறது: கருவிக்கு எவ்வளவு சுயாதீனம் கொடுக்கிறோம், அது பிழைத்தால் எவ்வளவு கேடு வரும்.

என் கருத்தில், பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த மென்பொருளைச் சோதித்து அனுமதித்த பிறகு, அனுமதி இல்லாமல் ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது. அதன் சொல்லுக்குக் கட்டுப்படாத, நேரடி அளவீட்டில் இயங்கும் பழைய பாதுகாப்பு ஏற்பாடு பக்கத்தில் இருக்கவே வேண்டும். பிழை நடந்தால் அது வெளியில் வரவும் வேண்டும். 2019இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினியில் தீநிரல் (கேடு செய்யும் மென்பொருள்) புகுந்த செய்தி கசிந்தபோது அதிகாரிகள் முதல்நாள் மறுத்தார்கள், அடுத்தநாள் ஒப்புக்கொண்டார்கள். உலையை இயக்கும் வலையமைப்பை அது தொடவில்லை என்றார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்த முதல்நாள் மறுப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிந்தித் தெரியவந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, வாளியில் அள்ளிய கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வர 2019 ஆகிவிட்டது.

2015 பெப்ரவரியில் இலங்கையும் இந்தியாவும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்த உறவை வைத்து இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபை, இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் எழுத்தில் கேட்கலாம்: கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் செயற்கை நுண்ணறிவு எந்தெந்த வேலைக்கு வருகிறது அல்லது வரப்போகிறது, யார் அனுமதி கொடுப்பது, பிழைத்தால் எங்களுக்கு எவ்வளவு நேரத்தில் அறிவிப்பார்கள்? வடமாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த அமர்விலேயே இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். கிடைக்கும் பதிலைத் தமிழில், முழுதாக வெளியிடச் செய்வதும் அவர்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின் நிலையப் பணியாளர்,
கொக்குவில்.