கேபிளின் நீளத்தையும் எழுதி வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல், வெள்ளம், நிலநடுக்கம், கொள்ளைநோய் என்று எது வந்து போனாலும், பின்னர் நடக்கும் விவாதங்களில் மீட்புப் படையினர், மருத்துவர்கள், பொறியாளர்கள், நிர்வாகத் தலைவர்கள் ஆகியோரின் பணி அலசப்படுகிறது. அது தேவையானதே. ஆனால் அவர்கள் கையில் இருந்த படகையும் கையுறையையும் டீசலையும் யார், எப்போது, எந்த விதியின் கீழ் வாங்கி வைத்தார்கள் என்பதை எவரும் கேட்பதில்லை. பொதுச் சேவை நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெரும்பாலான அலுவலகங்களில் அவசரகாலத் திட்டம் முழுமையாக எழுதி முடிக்கப்பட்ட பிறகுதான் கொள்முதல் பிரிவுக்கு அதன் நகல் வருகிறது. அதில் ‘தேவைப்படின் கூடுதல் ஜெனரேட்டர்கள் உடனடியாக வாடகைக்கு அமர்த்தப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். ‘அமர்த்தப்படும்’ என்ற அந்த வினைக்கு எழுவாய் இல்லை. யார் அமர்த்துவார், எவரிடமிருந்து, என்ன வாடகைக்கு, எத்தனை மணி நேரத்துக்குள், யாருடைய கையெழுத்தில் என்ற ஐந்துக்கும் விடை இல்லாத ஒரு வரியை நம்பித்தான் ஆயிரக்கணக்கானவர்களின் குடிநீரும் மருத்துவமும் இருக்கின்றன.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கனமழை இரவொன்றில் எங்கள் நீரேற்று நிலையத்தில் மின்சாரம் நின்றது. எங்கள் பதிவில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் மூன்று நிறுவனங்கள் இருந்தன. முதல் நிறுவனத்துக்கு நாங்கள் வைத்திருந்த எண், அங்கிருந்து எப்போதோ விலகிவிட்ட ஊழியருடையது. இரண்டாம் நிறுவனம் தன்னிடமிருந்த இயந்திரங்களை ஏற்கெனவே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எங்களுக்கென்று ஒன்றை ஒதுக்கி வைக்கும்படி அவர்களோடு நாங்கள் எந்த ஒப்பந்தமும் செய்திருக்கவில்லை. மூன்றாம் நிறுவனம் நள்ளிரவு தாண்டி ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கியது. அதில் டீசல் இல்லை, இயக்க ஆள் வரவில்லை, உடன் வந்த கேபிள் மின் பலகை வரை எட்டவும் இல்லை. நாங்கள் அனுப்பிய கொள்முதல் ஆணையில் ‘ஜெனரேட்டர் - 1’ என்று மட்டுமே இருந்தது. கேட்டதை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். விடியும் வரை அந்த இயந்திரம் மழையில் சும்மா நின்றது. அந்த ஆணையில் கையெழுத்திட்டவன் நான்.

அவசரகாலத்துக்கான முன்னொப்பந்தம் என்பது எத்தகைய ஆவணமாக இருக்க வேண்டும் என்று அந்த இரவுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அமைதியான நாளில், முறையான டெண்டர் மூலம், பல நிறுவனங்கள் போட்டியிட்டு, விலை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டு, எங்கள் தொலைபேசி அழைப்பு ஒன்றே போதும் என்ற நிலையில் அது காத்திருக்க வேண்டும். எரிபொருள், இயக்குபவர், கேபிளின் நீளம், இணைப்பின் வகை, வந்து சேர வேண்டிய நேரம், இரவிலும் விடுமுறை நாளிலும் பதில் சொல்லும் இருவரின் எண்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இந்த விவரங்களைப் பொறியாளர் சொல்லாமல் கொள்முதல் அலுவலரால் எழுத முடியாது. கொள்முதல் அலுவலர் கேட்காமல் பொறியாளருக்குச் சொல்லத் தோன்றாது. திட்டக் கூட்டத்தில் இருவரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. 1970-இன் பெரும் காட்டுத்தீக்களுக்குப் பின் கலிபோர்னியாவில் உருவாகி, இன்று பல நாடுகள் பின்பற்றும் நிகழ்விடக் கட்டளை முறையில் (பேரிடர்க் களத்தில் யார் எந்தப் பொறுப்பை ஏற்பது என்று வகுக்கும் Incident Command System), நிதி மற்றும் நிர்வாகப் பகுதிக்குள் கொள்முதலுக்கென்றே தனி அலகு இருக்கிறது. தீயணைக்கும் களத்திலேயே கொள்முதலுக்கு ஓரிடம் தேவை என்பதை அந்த முறையை வகுத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

முன்னொப்பந்தம் செய்துவிட்டோம் என்று நிம்மதி அடைவதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரே வட்டாரத்தில் மருத்துவமனை, குடிநீர் வாரியம், தீயணைப்புத் துறை, பள்ளி நிர்வாகம் எல்லாம் தனித்தனியே ஒப்பந்தம் போடுகின்றன. ஆனால் எல்லா ஒப்பந்தங்களிலும் இருப்பது ஒரே நிறுவனம், அந்த நிறுவனத்திடம் இருப்பதோ அதே பத்து இயந்திரங்கள். தாளில் ஒவ்வொருவரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள். வெள்ளம் வந்த அன்று பத்து இயந்திரங்களுக்கு முப்பது பேர் அழைக்கிறார்கள். ஆகவே, ‘இதே வாக்குறுதியை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதும், அண்டை நிறுவனங்களின் கொள்முதல் அலுவலர்களோடு பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்பதும், கூடுமானால் கூட்டாக ஒப்பந்தம் செய்வதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அருகிலுள்ள சிறு நிறுவனம் விரைவாக வரும் என்பது உண்மை. ஆனால் நம்மை மூழ்கடித்த வெள்ளம் அதன் கிடங்கையும் மூழ்கடித்திருக்கும். பாதிப்பு எட்டாத தொலைவில் இன்னொரு நிறுவனமும் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

பலர் கேட்பதுண்டு: அவசரகாலத்தில் விதிகளைத் தளர்த்தி நேரடியாக வாங்கிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறதே, பிறகு எதற்கு இத்தனை முன்னேற்பாடு? இடம் தருகிறது என்பது சரி. ஆனால் அந்த இடம் பலர் நினைப்பதைவிடக் குறுகியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை, முன்கூட்டி அறிய முடியாத நிகழ்வால் எழுந்த கடும் அவசரமாகவும், அந்தச் சூழ்நிலை வாங்கும் அமைப்பின் பொறுப்பில் சேராததாகவும் இருந்தால் மட்டுமே இந்த விலக்கை அளிக்கிறது. ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 2011-இல் வெளியிட்ட கொள்முதல் மாதிரிச் சட்டமும், அவசரத்தைக் காரணம் காட்டி, டெண்டருக்குப் பதிலாகச் சில நிறுவனங்களோடு போட்டிப் பேச்சுவார்த்தை நடத்தி வாங்குவதற்கு இதையொத்த நிபந்தனையை விதிக்கிறது. ஆண்டுதோறும் வரும் மழையை எதிர்பாராதது என்று எந்த அலுவலகமும் மனச்சான்றோடு எழுத முடியாது.

முன்னேற்பாடு இல்லாமல் வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் நம் கண்முன் இருக்கிறது. 2020-இல் கொரோனாப் பரவலின்போது, ஜூலை இறுதிக்குள் பிரிட்டன் அரசு செய்த 1,800 கோடி பவுண்டு மதிப்பிலான ஒப்பந்தங்களில் 1,050 கோடி பவுண்டுக்கானவை போட்டியின்றி அளிக்கப்பட்டவை என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகமே கூறியது. செல்வாக்குள்ளவர்கள் பரிந்துரைத்த நிறுவனங்களுக்கென ஒரு முன்னுரிமைப் பாதை இயங்கியது; அதன் வழியே வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கிடைத்தது. அந்தப் பாதை இயங்கிய விதம் சட்டவிரோதமானது என்று 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபோது, 3 கோடி உணவுப் பொட்டலங்களுக்கு 15.6 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தத்தை, அத்தனை பெரிய நிவாரணப் பணியில் அனுபவமே இல்லாத ஒரு தனிநபர் நிறுவனத்துக்கு அமெரிக்கப் பேரிடர் முகமை அளித்தது. வந்து சேர்ந்தவை 50,000 மட்டுமே. அவற்றைச் சூடாக்க வேண்டிய உறைகளும் தனியே வந்தன. கத்ரீனா புயலின் படிப்பினையாக, ஒப்பந்தங்களை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்று 2006-இலேயே சட்டம் இயற்றிய நாடு அது.

வாங்கி வைத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. கலிபோர்னியா மாநிலம் 2006-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், தலா 200 படுக்கைகள் கொண்ட மூன்று நடமாடும் மருத்துவமனைகளையும், 5 கோடி என்95 முகக்கவசங்களையும், 2,400 செயற்கைச் சுவாசக் கருவிகளையும் வாங்கி வைத்தது. நிதி நெருக்கடி வந்தபோது, 2011-இல், ஆண்டுக்கு 60 லட்சம் டாலருக்கும் குறைவான பராமரிப்புச் செலவு நிறுத்தப்பட்டது. 2020 வந்தபோது அந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தது. இதைப் படித்த நாளில் என் மனம் மிகவும் வேதனைப்பட்டது; ஏனெனில் பொருளை வாங்கியவர்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்திருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் கிடங்கில் கிடக்கக் கிடக்க வீரியம் இழக்கும், டீசல் நாட்பட்டால் கெடும், மின்கலம் பயன்படுத்தாமலே செத்துப்போகும். எனவே பராமரிப்புக்கான ஆண்டு ஒப்பந்தத்தையும், காலாவதி நாள் நெருங்கியவற்றை முதலில் அன்றாடப் பணிக்கு எடுத்துப் புதியவற்றை நிரப்பும் சுழற்சியையும் பொருளோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

கையெழுத்து அதிகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச வரம்புக்கு மேல் ஒப்புதல் தரக்கூடிய ஒரே அதிகாரி வெள்ளத்தால் துண்டிக்கப்பட்ட பகுதியில் இருந்தால் யார் ஒப்பமிடுவது என்பது வரிசைப்படி, பெயர் வாரியாக, எழுத்தில் இருக்க வேண்டும். சேவையகம் இயங்காதபோது பயன்படும் அச்சிட்ட படிவங்களும் விற்பனையாளர் பட்டியலும் அலுவலகத்துக்கு வெளியே ஓரிடத்திலும் இருக்க வேண்டும். ஒத்திகை நடத்தும்போது சைரன் ஒலிப்பதோடு நிற்காமல், பட்டியலில் உள்ள எண்களை அதிகாலை 2 மணிக்கு அழைத்துப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, தணிக்கைத் துறையிடம் ஒரு வேண்டுகோள். அவசரத்தில் மூன்று விலைப்புள்ளி பெறாமல் வாங்கிய அலுவலருக்குத் தணிக்கை ஆட்சேபணை வருகிறது. ஏன் வாங்கினார், யாரைக் கேட்டார், என்ன விலை சொன்னார்கள் என்று அன்றே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்காதவர் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார், நிவாரண நிதியிலிருந்து செலவைத் திரும்பப் பெறவும் முடிவதில்லை. அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் எந்த முன்னொப்பந்தமும் செய்யாமல், எதையும் வாங்காமல், கோப்பைத் தூய்மையாக வைத்திருந்த அலுவலகத்தை நோக்கித் தணிக்கை ஒரு வினாவும் எழுப்பியதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அவசரகால ஒப்பந்தங்கள் நடப்பில் உள்ளனவா, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன என்ற இரண்டு கேள்விகள் ஆண்டுத் தணிக்கைப் படிவத்தில் சேர்க்கப்பட்டால், அதைப் படிக்கும் ஒவ்வொரு நிர்வாகத் தலைவரும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே தம் கொள்முதல் அலுவலரை அழைத்துப் பேசுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொள்முதல் அலுவலர்