ரொட்ரிகஸ் வௌவால்களைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ரொட்ரிகஸ் மக்களுக்கும், அந்த வௌவால்களுக்காக எங்கெங்கோ இருந்து உழைத்தவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் தீவில் தன்னார்வலராக இருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். கிளம்பும் அவசரத்தில் யாரிடமும் நிதானமாக நன்றி சொல்ல முடியவில்லை. மனதில் இருப்பது தமிழில்தான் முழுதாக வரும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். மொரீஷியஸில் இருக்கும் தமிழ் நண்பர்கள் இதை உங்கள் கிரியோல் மொழியில் உங்களுக்குச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரொட்ரிகஸ், இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்னத் தீவு. மொத்தமே 108 சதுர கிலோமீட்டர்தான். அந்த மண்ணுக்கே உரிய பாலூட்டி என்று இன்று அங்கே மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, இந்தப் பழந்தின்னி வௌவால். தலையிலும் தோளிலும் பொன்னிற ரோமம். பழத்தைக் கடித்து, சாறை நன்றாக உறிஞ்சிக்கொண்டு, சக்கையை உருண்டையாகத் துப்பிவிடும். காலையில் புளியமரத்தடியில் அந்தச் சக்கை உருண்டைகள் காய்ந்து கிடக்கும். தீவின் ஆமைகளும், டோடோவின் உறவான சாலிட்டேர் பறவையும் அழிந்துபோன பிறகு, காட்டு மர விதைகளைச் சுமந்து போட இதைவிட்டால் அங்கே அதிகம் பேர் இல்லை.

அந்த வௌவால் 1970களில் நூறுக்கும் கீழே போய்விட்டது. காட்டை அழித்தார்கள், வேட்டையாடினார்கள், அதற்கு மேல் 1968இல் மொனிக் புயல். புயல் வௌவாலை நேரடியாகக் கொல்வது ஒரு பக்கம். மரத்தில் ஒரு பூ, காய் இல்லாமல் உதிர்த்துவிட்டுப் போவதால் தப்பித்ததும் பட்டினி கிடக்கும்.

முதல் நன்றி, 1976இல் அங்கே வந்த, ஜெர்சியில் விலங்குக் காப்பகம் நடத்திய ஜெரால்ட் டரல் குழுவினருக்கு. கஸ்காட் பிஜோன் பள்ளத்தாக்கில் வலை கட்டிச் சில வௌவால்களைப் பிடித்து, இங்கிலீஷ் கால்வாயில் இருக்கும் அந்த ஜெர்சி தீவுக்கும் மொரீஷியஸின் பிளாக் ரிவருக்கும் கொண்டுபோய் வளர்த்தார்கள். இவ்வளவு குறைவான கூட்டத்திலிருந்து பிடித்து எடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1979இல் செலீன் புயல் தீவை மறுபடி அடித்தபோது, அந்த முடிவு எவ்வளவு சரி என்று தெரிந்தது.

அப்புறம், பல நாடுகளில் இவற்றைக் கூண்டில் வைத்துப் பராமரித்தவர்களுக்கு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருந்த ஒரு தாய் வௌவாலின் கதையை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன். வௌவால் பொதுவாகத் தலைகீழாகத்தான் தொங்கும். பிரசவ நேரத்தில் இந்த இனம் தலை மேலே, கால் கீழே என்று திரும்பித் தொங்க வேண்டும். அந்தத் தாய்க்கு அது வரவில்லை, தலைகீழாகவே தவித்தது. உறவே இல்லாத இன்னொரு பெண் வௌவால் அதன் எதிரே வந்து, எப்படித் தொங்க வேண்டும் என்று தானே திரும்பித் தொங்கிக் காட்டியது. நக்கிக் கொடுத்தது, இறக்கையால் அணைத்துக்கொண்டது, குட்டி வந்ததும் அது தாயிடம் சேர உதவியது. வௌவால் ஆராய்ச்சியாளர் தாமஸ் குன்ஸும் அவருடைய சகாக்களும் இதைக் கண்ணெடுக்காமல் பார்த்து 1994இல் பதிவு செய்தார்கள். அவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்காவிட்டால், ஒரு வௌவாலுக்கு இன்னொரு வௌவால் மருத்துவச்சி ஆகும் என்று யார் நம்பியிருப்பார்கள்?

ஆனால் என் மனதில் அதிகமாக நிற்பது தீவுக்காரர்கள்தான். கூண்டில் பெருகினால் மட்டும் போதாது, திரும்பி வாழக் காடு வேண்டுமே. கிராந்த் மொந்தாஞ்ஞிலும் ஆன்ஸ் கித்தோரிலும் மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையின் நாற்றங்கால்காரர்கள் களைச்செடிகளைப் பிடுங்கி, ஆடு மாடு நுழையாமல் வேலி போட்டு, உள்ளூர்த் தாழை, விசிறிப்பனைக் கன்றுகளை வைத்து வளர்த்தார்கள். வெயிலில் குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்தவர்கள் அவர்கள். பள்ளிகளுக்குப் போய் வௌவாலைப் பற்றிப் பேசியவர்களுக்கும் நன்றி. அதைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னதால்தான் பெரியவர்களும் கேட்டார்கள்.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, உங்களுக்குத் தனியாக. உங்கள் மாமரத்துக்கு இரவில் வௌவால் வருவதைக் காட்டி, "விரட்ட மாட்டீர்களா?" என்று கேட்டேன். "எட்டாத கிளை அதற்கு, எட்டுகிற கிளை எனக்கு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டீர்கள். மொரீஷியஸில் லிச்சி, மாம்பழச் சண்டையில் 2015 முதல் ஆயிரக்கணக்கான வௌவால்களை அரசே சுட்டுக் கொன்றது. அங்கே இருப்பது வேறு இன வௌவால், அது 2018இல் அழியும் ஆபத்துப் பட்டியலில் இன்னும் ஒரு படி மேலே போனது. மரத்துக்கு வலை போட்டுப் பழத்தையும் காப்பாற்றி வௌவாலையும் விட்டுவைத்த மொரீஷியஸ் வீட்டுக்காரர்களுக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

மாலை நேரத்தில் மலைச்சரிவில் உட்கார்ந்து, கிளம்பும் வௌவால்களை எண்ணக் கற்றுக்கொடுத்த நண்பர்களே, நீங்களும் உங்களுக்கு முன்னால் எண்ணியவர்களும் இல்லையென்றால் நூறு எப்படி ஏறியது என்று உலகத்துக்குத் தெரிந்திருக்காது. 2016இல் எண்ணிக்கை 20,000ஐத் தொட்டது. மிக அதிக ஆபத்தில் இருந்த இனம், 2017இல் ஒரு படி இறங்கியது. ஆனாலும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. 2019இல் கெலேனா, ஜோனிஞ்யா என்று அடுத்தடுத்து இரண்டு புயல் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும். அது முடிந்ததும் எண்ண ஆள் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

மிக்க நன்றியுடன்,
திருச்சியிலிருந்து உங்கள் தன்னார்வலர்