ஸ்பேனர் பிடிக்கப் போகிறவனை ‘ஹாலிடே’ என்று அனுப்பாதீர்கள்

பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் செம்பனை ஆலைகளுக்கு பாய்லர், பைப் வேலை எடுத்துச் செய்யும் ஒர்க்‌ஷாப் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பதினைந்து வருடம் பாய்லருக்குள் படுத்து வெல்டிங் செய்தவன் நான். இப்போது மாலை நேரங்களில் நம் பையன்களுக்குக் கடப்பிதழ் விண்ணப்பம், விசா பாரம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கிறேன். போன மாதம் என்னிடம் வந்த ஒரு பையன் கேட்ட கேள்வியால்தான் இந்த மடல். “அண்ணே, குடிநுழைவு கவுண்டர்ல கேட்டா ஹாலிடேன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. பயமா இருக்கு. எப்படிச் சொல்றது?”

அதே வார்த்தையை இருபத்தாறு வயதில் எனக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

சுமத்ராவில் ஒரு ஆலை பாய்லரில் டியூப் மாற்றும் வேலை, பத்து நாள். விமான நிலையத்தில் அதிகாரி என் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். சேஃப்டி பூட்ஸ். பழைய டீசட்டைக்குள் சுற்றி வைத்திருந்த டியூப் எக்ஸ்பேண்டர். கடைசியாக வேலை உடுப்பான ‘கவரோல்’. அதன் முதுகில் கம்பெனி பெயர் உள்ளங்கை அகல எழுத்தில். அவர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை. கைப்பேசியைக் கேட்டார். ஆலை சூப்பர்வைசர் அனுப்பிய செய்தி மேலேயே இருந்தது: “பெசோக் பாகி பூக்கா மேன்ஹோல்.” நாளைக் காலை மேன்ஹோல், அதாவது பாய்லருக்குள் இறங்கும் வாயை, திறக்கணும்.

இரவு முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, விடிந்ததும் முதல் விமானத்தில் திரும்பினேன். முதலாளி டிக்கெட் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அது போகட்டும். மூன்று வருடம் கழித்து சிங்கப்பூரில் நல்ல வேலை ஒன்று வந்தது. பாரத்தில் ஒரு கேள்வி: எந்த நாட்டிலாவது உங்களை உள்ளே விட மறுத்திருக்கிறார்களா? ‘ஆம்’ என்ற கட்டத்தில் நான்தானே கோடு போட வேண்டும்? கம்பெனி பெயரை எழுத அதில் இடம் இல்லை.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். “சம்பளம் நான் இங்கே மலேசிய வெள்ளியில கொடுக்கிறேன், அப்புறம் அது எப்படி அங்கே வேலை?” என்பீர்கள். சம்பளம் எங்கே ஏறுகிறது என்பதை வைத்து அந்த நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகள் முடிவு செய்வதில்லை, கை எங்கே உழைக்கிறது என்பதைப் பார்க்கிறார்கள். மலேசியக் கடப்பிதழுக்கு இந்தோனேசியாவில் 30 நாள் விசா இல்லாமல் நுழைய அனுமதி உண்டு. அதில் நீங்கள் போய் வியாபாரம் பேசலாம். ஸ்பேனரை எடுத்தால் அது வேலை. இந்தோனேசியாவின் 2011-ன் 6-ஆம் எண் குடிநுழைவுச் சட்டத்தின் 122-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அனுமதியின் நோக்கத்தை மீறினால் ஐந்து வருடம் வரை சிறை, 50 கோடி ரூப்பியா வரை அபராதம். அப்படிச் செய்யச் சொல்கிறவருக்கும் அதே பிரிவுதான்.

“எல்லாம் ஆசியான்தானே” என்று இன்னொரு பேச்சு. ஆள்கள் போய்வருவது பற்றி 2012-ல் கையெழுத்தான ஆசியான் ஒப்பந்தம் வர்த்தகப் பயணிகள், கம்பெனிக்குள் மாற்றலாகிறவர்கள் போன்ற சில வகையினருக்குத்தான் வழி விடுகிறது. எந்த நாட்டின் பெர்மிட் சட்டத்தையும் அது எடுத்துவிடவில்லை. ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் அமைப்பு தரும் வர்த்தகப் பயண அட்டையும் அப்படித்தான். வியாபாரம் பேசப் போகும் முதலாளிக்கு அது உதவும், வெல்டருக்கு உதவாது.

நேர் வழி இல்லாமலா இருக்கிறது? இந்தோனேசியாவில் இயந்திரம் பொருத்தவும் பழுது பார்க்கவும் வருகிறவர்களுக்கென்றே தனி விசா வகை உண்டு. அங்குள்ள ஆலை உத்தரவாதம் கொடுக்க வேண்டும். வேலை கொடுப்பவர்களே அவர்கள்தான், கேட்டால் கொடுக்க மாட்டார்களா? சிங்கப்பூரில் இயந்திரம் பொருத்துவது, பழுது பார்ப்பது போன்ற சில வேலைகளுக்கு, மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டியே இணையத்தில் தெரிவித்துவிட்டு, வருடத்துக்கு 90 நாள் வரை பெர்மிட் இல்லாமல் செய்ய இடமுண்டு. தெரிவிக்காமல் செய்து மாட்டினால் அந்தப் பையனுக்கு 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தாய்லாந்திலும் அவசர வேலை என்றால் 15 நாள் வரை அறிவிப்பு கொடுத்துச் செய்யலாம். எல்லாம் காகித வேலைதான். முன்கூட்டியே தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், பெர்மிட் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இல்லை நீங்கள். உங்கள் பட்டறையில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளியின் பெர்மிட் முடியும் தேதி உங்களுக்கு மனப்பாடம். பெர்மிட் இல்லாத ஆளை வைத்து, நம் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் பிடித்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை உங்கள் தலையில் விழும் என்று தெரியும். நம் ஆலைக்கு டர்பைன் பார்க்க வெளிநாட்டு இன்ஜினியர் வந்தபோது குறுகிய கால வேலைக்கான புரோஃபெஷனல் விசிட் பாஸ் கையில் வந்த பிறகுதான் விமானம் ஏறினார். அவருக்கு இருந்த அந்த மரியாதை நம் பையனுக்கு ஏன் இல்லை?

நம் வீடுகளில் ‘பெர்மிட்’ என்ற இந்தச் சொல்லுக்குப் பழைய வலி ஒன்றும் உண்டு. 1969-ல் வேலை பெர்மிட் சட்டம் நடப்புக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. என் பாட்டியின் தம்பி குடும்பமும் அதில் ஒன்று. முப்பது வருடம் பால் மரம் வெட்டியவரை ஒரு காகிதம் கப்பலேற்றியது. அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகளை, காகிதம் இல்லாமல் இன்னொரு நாட்டுக் கவுண்டரில் நாம் கொண்டுபோய் நிறுத்தலாமா?

மூன்று காரியம் கேட்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு விலை சொல்லும்போதே விசா செலவை ஒரு வரியாகப் போடுங்கள். வேலைத் தேதியை விசா வந்த பிறகு உறுதி செய்யுங்கள். கவுண்டரில் பொய் சொல்லச் சொல்லி எந்தப் பையனையும் அனுப்பாதீர்கள். மாட்டேன் என்கிறவனை அடுத்த வேலையிலிருந்து ஒதுக்கவும் வேண்டாம்.

பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டறைக்கே வருகிறேன். காசு வேண்டாம். ஆலையின் உத்தரவாதக் கடிதமும் பையன்களின் கடப்பிதழ் நகலும் மட்டும் எடுத்து வைத்திருங்கள்.