கப்பலில் ஏற்றிவிட்டீர்கள், அறை எப்போது தருவீர்கள்?

சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல்களை இயக்கும் நிறுவனங்களில் பயணிகள் சேவையைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கப்பல் ஏறும் நாளன்று கேபின் தயாராகும்வரை பயணிகள் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்றால் கிடைக்கட்டும். அதை டிக்கெட் விற்கும்போதே ஏன் சொல்வதில்லை? அதுவரை வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் எங்கே உட்காருவார்கள் என்று ஏன் யாரும் யோசிப்பதில்லை? இந்த இரண்டையும் கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கப்பல்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நிறைய வருகின்றன. அவர்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்று தெரிந்தால் என் கேள்வி புரியும். சென்னையிலோ திருச்சியிலோ நள்ளிரவை ஒட்டி விமானம் ஏறுகிறார்கள். சுமார் நான்கு மணி நேரப் பயணம். கடிகாரமும் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிவிடுகிறது. சாங்கியில் இறங்கும்போது விடிந்திருக்கும், ஆனால் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் ஒரு இரவு ஹோட்டல் போட்டால் குடும்பத்துக்கு என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் விமான நிலையத்திலிருந்து நேராக மரீனா பே டெர்மினலுக்கோ ஹார்பர்ஃப்ரண்டுக்கோ டாக்சி பிடிக்கிறார்கள். ஒரே காலையில் நாட்டுக்குள் நுழைய ஒரு குடிநுழைவு வரிசை, வெளியேற இன்னொரு வரிசை. பெரிய பெட்டிகளை டெர்மினலிலேயே கொடுத்துவிட வேண்டும், அவை மாலைக்குள்தான் அறை வாசலுக்கு வரும். கையில் மிஞ்சுவது மருந்துப் பை, பாஸ்போர்ட் பை, குழந்தையின் பால் பாட்டில்.

இப்படி வந்தவர்களைப் பதினொன்றரை மணிக்குக் கப்பலில் ஏற்றி, 'வெல்கம் அபோர்ட்' சொல்லி, பஃபே இருக்கும் டெக்குக்கு லிஃப்டில் அனுப்பிவிடுகிறீர்கள். அங்கே ஏற்கெனவே ஆயிரம் பேர் தட்டும் பையுமாக நிற்கிறார்கள்.

போன தடவை என் அப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எந்தக் கப்பல் என்பது இங்கே வேண்டாம், எல்லாக் கப்பலிலும் நடப்பதுதான். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை உண்டு. ராத்திரி முழுக்க விமானத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் இரண்டு பாதமும் வீங்கி, செருப்பின் வார் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் வடிந்துவிடும். எங்கே படுப்பது? நீச்சல் குளத்தோரம் இருந்த சாய்வு நாற்காலிகள் எல்லாம் வெயிலில். உள்ளே இருந்த சோபாக்களில் பானப் பேக்கேஜ் விற்பவர்களும் ஸ்பா பேக்கேஜ் விற்பவர்களும் மேஜை போட்டிருந்தார்கள். கடைசியில் மாடிப்படித் திருப்பத்தில் இருந்த ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, எதிரே என் பையை வைத்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்தோம். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், பிளாஸ்கில் போட்ட ஐஸ் எப்போதோ கரைந்துவிட்டது. ரிசப்ஷன் வரிசையில் நின்று கேட்டேன். "அறையில் ஃபிரிட்ஜ் இருக்கிறது சார், அறை தயாரானதும் வைத்துக்கொள்ளலாம்" என்றார்கள். எப்போது தயாராகும்? "விரைவில்."

அந்த 'விரைவில்' என்ற பதில்தான் என்னை எழுத வைத்தது. ஒன்றரை மணி என்றோ இரண்டு மணி என்றோ சொல்லியிருந்தால், டெர்மினலுக்கு வராமல் ஊருக்குள்ளேயே எங்காவது சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மெல்ல வந்திருப்போம். கப்பலுக்குள் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

அறை ஏன் தாமதமாகிறது என்பது தெரியாமல் நான் பேசவில்லை. அதிகாலையில் கப்பல் துறைமுகத்துக்கு வருகிறது. பழைய பயணிகள் சாப்பிட்டு இறங்கி முடிக்க ஒன்பது, பத்து ஆகிவிடும். மாலை நாலு ஐந்து மணிக்குப் புதுப் பயணிகளோடு திரும்பக் கிளம்ப வேண்டும். நடுவில் எண்ணெய், தண்ணீர், காய்கறி, இறைச்சி எல்லாம் ஏற வேண்டும். மயாமியிலிருந்து 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலில் 2,805 கேபின்கள். ஒரே காலையில் அவை காலியாகி, அன்று மாலைக்குள் திரும்ப நிரம்ப வேண்டும். முகூர்த்த நாளில் காலைக் கல்யாணக்காரர்கள் கிளம்பும் முன்பே மாலை ரிசப்ஷன்காரர்கள் வந்து நிற்கிற கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கடி புரியும்.

சிங்கப்பூரில் இது இன்னும் கடினம். கரீபியனில் ஏழு இரவுப் பயணம் என்றால், பழைய பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் இந்த ஆள் மாற்றும் நாள் வாரத்துக்கு ஒன்று. இங்கே நீங்கள் அதிகம் விற்பது மூன்று இரவு, நான்கு இரவுப் பயணங்கள். அப்படியானால் வாரத்துக்கு இரண்டு தடவை இதே ஓட்டம். பயணியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏழு இரவில் அரைப் பகல் போனால் தெரியாது, மூன்று இரவில் போனால் உறைக்கும்.

இந்த ஓட்டத்தை ஓடுகிறவர்கள் கேபின் ஸ்டூவர்ட்கள். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் சாவகாசமாகப் பேசும்போது சொன்னார். முதல் நாள் ராத்திரி பயணிகள் வாசலில் எடுத்து வைக்கும் பெட்டிகளை இறக்கி அனுப்புவதில் ஆரம்பிக்கிறது வேலை. காலையில் ஒவ்வொரு அறையாக விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் உருவி மூட்டை கட்ட வேண்டும். போன பயணிகள் தனித்தனிக் கட்டில் கேட்டிருப்பார்கள், வருகிறவர்கள் சேர்த்துப் போடச் சொல்லியிருப்பார்கள். மேலே மடித்த பங்க் கட்டிலை ஒரு அறையில் இறக்க வேண்டும், இன்னொரு அறையில் ஏற்ற வேண்டும். பால்கனிக் கம்பியில் படிந்த உப்பைத் துடைக்க வேண்டும். இதெல்லாம் முடிந்ததும் புதுப் பெட்டிகள் வந்து குவியும், அவற்றையும் அவர்களே வாசல் வாசலாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். "அன்னிக்கு மட்டும் சாப்பாடு கணக்கே இல்லண்ணே. உக்காந்தா ரூம் நிக்கும்" என்றார்.

ஏறிய நாளன்று எங்கள் நடைபாதையின் தீத்தடுப்புக் கதவு சாத்தி, குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் கழுத்து வரைக்கும் தலையணைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு பெரியவர், நம் ஊர்க்காரர்தான், "எவ்வளவு காசு கொடுத்திருக்கேன் தெரியுமா?" என்று அவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். பையன் நின்று, "சாரி சார், ஒன் அவர்" என்று சொல்லிவிட்டு ஓடினார். அந்த வசவு அவருக்கு உரியதில்லை. நேரத்தைச் சொல்லாமல் விட்டது நீங்கள், திட்டு வாங்கியது அவர்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறையைச் சீக்கிரம் கொடுங்கள் என்று ஸ்டூவர்ட்களை விரட்டச் சொல்லி நான் எழுதவில்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம் 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வேலை நேரத்தைக் கொண்டு கணக்கிட்டால் 24 மணி நேரத்தில் 14 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் கப்பல் தொழிலாளியிடம் வேலை வாங்கக் கூடாது. ஓய்வைக் கொண்டு கணக்கிட்டால் நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர், இந்தியா, பிலிப்பைன்ஸ் மூன்றுமே அதை ஏற்ற நாடுகள். பதினான்கு மணி நேரம் என்பதே ஒரு மனிதனுக்கு அதிகம். ஆள் மாற்றும் நாளில் அறைகள் சீக்கிரம் தயாராக வேண்டுமென்றால் கூடுதல் ஆள் போடுங்கள். ஸ்டூவர்ட்களின் சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

சுத்தம் செய்வதையும் அவசரப்படுத்த முடியாது. கப்பல்காரர்கள் எப்போதும் பயப்படும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ், கையில் தடவும் ஆல்கஹால் சானிடைசருக்கு எளிதில் அடங்காது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழாய், சுவிட்ச், டிவி ரிமோட், கதவுப் பிடி எல்லாவற்றையும் தகுந்த கிருமிநாசினி போட்டு, அது வேலை செய்ய நேரம் கொடுத்துத் துடைக்க வேண்டும். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் வாந்தி எடுத்தாரோ என்னவோ. என் அறைக்கு இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மனதாரக் காத்திருப்பேன். எவ்வளவு நேரம் என்று மட்டும் தெரிய வேண்டும்.

ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று பயணிகளுக்குக் காட்டும் பாதுகாப்புப் பயிற்சியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறியவர்களுக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. 2015 ஜனவரியிலிருந்து, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் நாற்காலி தேடி, இரண்டு மணிக்கு மேல் அறை கிடைத்து, அப்போதுதான் கண்ணயர்ந்த ஒரு கிழவரை எழுப்பிக் கூட்டிப்போய் லைஃப் ஜாக்கெட் போடுவதைக் காட்டினால் அவர் மனதில் என்ன நிற்கும்? இப்போது பல கப்பல்களில் வீடியோவைப் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் பயிற்சி முடிந்தது. காத்திருக்கும் அந்த நேரத்திலேயே, உட்கார இடமும் கொடுத்து அதை முடித்துவிடலாமே. அந்த வீடியோ தமிழிலும் இருக்கட்டும். தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று, மொழிபெயர்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

உட்கார இடம் என்று நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆள் மாற்றும் நாளன்று பகலில் உங்கள் நாடக அரங்கும் இரவு நேர லவுஞ்சுகளும் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கின்றன. அதில் ஒன்றை மூத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஒதுக்குங்கள். காலை நீட்டிக்கொள்ள நாலு வரிசை சாய்வு நாற்காலி, கைப்பை வைக்க டோக்கன், மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ். விற்பனை மேஜைகள் அந்த அறைக்குள் வரக் கூடாது.

அறைகள் தயாராகத் தயாராக டெக் வாரியாகத் திறந்துவிடுங்கள். செயலியில் அறிவிப்பு வரும் என்கிறீர்கள். என் அம்மாவின் போன் விமானத்தில் ஏறியபோது போட்ட ஏரோபிளேன் மோடிலேயே இருந்தது, அவரைப் போல நிறையப் பேர் உண்டு. லிஃப்ட் வாசலில் ஒரு பலகை வைத்து, "எட்டாம் டெக் இரண்டு மணி" என்று எழுதி வைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சில நிறுவனங்கள் சீக்கிரம் அறைக்குப் போகும் வசதியைத் தனியாக விலை வைத்து விற்கின்றன. சூட் என்னும் பெரிய அறை எடுத்தவருக்கு முதல் மரியாதை என்றால் சரி, அது வியாபாரம். ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவரின் அறையும் ஆறு மாதக் குழந்தை தூங்க வேண்டிய அறையும் அந்த விலைப்பட்டியலில் வரக் கூடாது. முன்பதிவின்போதே வயது கேட்கிறீர்கள், சக்கர நாற்காலி வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள். காலையில் ஸ்டூவர்ட் கையில் கொடுக்கும் பட்டியலில் அந்த அறைகளை மேலே போட்டால் போதும்.

சென்னை, திருச்சி, மதுரையில் உங்கள் டிக்கெட்டை விற்கும் டிராவல் ஏஜென்ட்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். "காலைல இறங்கி நேரா கப்பலுக்குப் போயிடலாம், ரூம்ல ரெஸ்ட் எடுத்துக்கலாம்" என்று சொல்லித்தான் அவர்கள் விற்கிறார்கள். அவர்கள் கையில் நீங்கள் கொடுத்த தாளில் ஏறும் நேரம் மட்டும்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று தெரியும். முதலில் செலவே இல்லாத ஒன்றைச் செய்யுங்கள். அடுத்து அச்சடிக்கும் டிக்கெட்டில் 'கப்பலில் ஏறும் நேரம்' என்ற வரிக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'அறை தயாராகும் நேரம்' என்று இன்னொரு வரி சேருங்கள். தாமதமானால் அன்று காலை டெர்மினலிலேயே, பெட்டியை வாங்கிக்கொள்ளும் முன்பு சொல்லிவிடுங்கள். வரும் டிசம்பர் விடுமுறைக்கு அப்பா அம்மாவைத் திரும்பவும் கூட்டிவர நினைத்திருக்கிறேன். அந்த வரியைப் பார்த்துத்தான் எந்த விமானம் என்று முடிவு செய்யப்போகிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பயணி