அந்த 200 ரூபாயை எப்போது உயர்த்தப் போகிறீர்கள்?

மாண்புமிகு மத்திய நிதி அமைச்சர் அவர்களுக்கும், ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம். அடுத்த பட்ஜெட்டுக்கான கோப்புகள் உங்கள் மேசைக்கு வரும்போது ஒரே ஓர் எண்ணை நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அந்த எண் 200. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும், 60 முதல் 79 வயது வரையிலான ஒரு முதியவருக்கு மத்திய அரசு மாதந்தோறும் தரும் ஓய்வூதியம் அவ்வளவுதான்.

1995 ஆகஸ்ட் 15-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது தொகை 75 ரூபாய். அப்புறம் 200 ஆனது. 2007 நவம்பரில் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர் மாறியது. 2011-ல் தகுதி வயது 65-லிருந்து 60 ஆனது. 80 வயதைத் தொட்டவர்களுக்கு 500 ரூபாய் என்றும் ஆனது. எல்லாம் நல்ல முடிவுகள். ஆனால் அந்த 200 மட்டும் அசையவில்லை. இதற்குள் விலைவாசி ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. அன்று 200 ரூபாய்க்கு வாங்கிய பொருளை இன்று வாங்க 600 ரூபாயாவது வேண்டும். தொகையை உயர்த்தாமல் விட்டோம் என்று சொல்வதே சரியில்லை. வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

மற்றவர்களின் ஓய்வூதியம் இப்படி நிற்கவில்லை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலை நிவாரணம் மாற்றியமைக்கப்படுகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், பத்தாண்டுப் பணி முடித்து ஓய்வு பெறுபவருக்கு மாதம் குறைந்தது 10,000 ரூபாய் உறுதி. முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியம் 2025 மார்ச்சில் 25,000-லிருந்து 31,000 ஆனது. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு, பணவீக்கக் குறியீட்டைக் கணக்கில் கொண்டு. இதில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. வயதான காலத்து வருமானம் விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது நாற்று நட்டவருக்கும் கல் உடைத்தவருக்கும் சித்தாள் வேலை பார்த்தவருக்கும் மட்டும் ஏன் பொருந்தாமல் போனது? அவர்களுக்கு பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. உடம்பு இனி முடியாது என்று சொன்ன நாள்தான் அவர்கள் ஓய்வு பெற்ற நாள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த 200-ன் கொடுமை அவ்வளவாகத் தெரியாது. இங்கே 1962-லிருந்தே முதியோர் உதவித்தொகை இருக்கிறது; 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். மத்தியத் திட்டத்தின் கீழ் வரும் 60 வயதுக்காரருக்கு அதில் 1,000 ரூபாயை மாநிலம்தான் போடுகிறது. ஆனால் பிஹாரில் 2025 வரை மொத்தமே 400 ரூபாய்தான். ஒரே நாட்டில் ஒருவர் எந்த மாநிலத்தில் கிழவராகிறார் என்பதை வைத்து அவர் சாப்பாடு தீர்மானிக்கப்படலாமா?

ஓ.ஏ.பி. என்று சொல்லும் இந்த முதியோர் பணம் வரும் நாளில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வந்து உட்கார்ந்திருப்பார். கட்டை விரலை வைத்தால் மெஷின் ஏற்காது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள், அப்புறம் ஆள்காட்டி விரல், அப்புறம் இன்னொரு கை. களை பிடுங்கிப் பிடுங்கி ரேகை தேய்ந்த விரல்கள் அவை. பணம் வந்ததும் அந்த இடத்திலேயே எண்ணிப் பார்த்து, சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொள்வார்கள். அதில் கடைக்காரர் பாக்கி போகும், மூட்டு வலிக்குத் தைலம் வாங்குவார்கள், பேரப்பிள்ளைக்கு பிஸ்கட்டும் வாங்குவார்கள். அந்த பிஸ்கட்டை யாரும் வீண் செலவென்று எழுதிவிடக் கூடாது. பேருந்துக்குக்கூட மகனிடம் கேட்டு நிற்க வேண்டிய ஒரு விதவைத் தாய்க்கு, தன் கையில் இருந்து ஒருவருக்கு வாங்கித் தர முடிவது பெரிய விஷயம். பணம் சிறியதாக இருந்தாலும் அது அவர் பெயரில் வருகிறது, யாருடைய தயவிலும் வரவில்லை.

மருத்துவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு என்று 2024 அக்டோபரில் அறிமுகம் செய்தீர்கள். மனதார நன்றி. இடுப்பெலும்பு முறிந்தவருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் அது உயிர் காக்கும். ஆனால் அந்தக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுக்கை போட்ட பிறகுதான் வேலை செய்யும். முதியவர்களின் கையைக் கடிப்பது பெரும்பாலும் தினசரி மாத்திரை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒருநாள் பக்கவாதத்தோடு வரும்போது 5 லட்சம் வரை கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு, அதற்கு முந்தைய மாதங்களில் மாத்திரை வீடு வந்து சேர்கிறதா என்று பார்ப்பதல்லவா சிக்கனம்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதைத்தான் செய்கிறது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் கிடைக்கிறது. இதை நாடு முழுக்கக் கொண்டுபோக மத்திய நிதி வேண்டும்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. இந்த மத்திய முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் சுமார் 2.2 கோடி பேர். தலைக்கு 800 ரூபாய் கூட்டி 1,000 ஆக்கினால் ஆண்டுக்குச் சுமார் 21,000 கோடி கூடுதல் செலவு. சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல். அதில் இது நூற்றுக்கு அரை ரூபாய்கூட இல்லை. அதுவும் ஏழை முதியவர் கையில் போகும் பணம் வங்கியில் தூங்காது, அந்த வாரமே உள்ளூர்க் கடைக்கு வந்துவிடும்.

இந்தச் செலவு வளரத்தான் செய்யும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. 2050-க்குள் இந்தியாவில் ஐந்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவராக இருப்பார் என்பது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் கணிப்பு. உழைக்கும் வயதினர் அதிகமாக இருக்கும் இப்போதே இதற்கென ஒரு நிதி ஆதாரத்தை உருவாக்கத் தொடங்காவிட்டால், பின்னால் வருபவர்களின் தலையில் மொத்தச் சுமையும் ஒரேயடியாக விழும். இன்னொன்று, மாநிலத்துக்கு இத்தனை பேர்தான் என்று வைத்திருக்கும் உச்சவரம்பு. 2011 கணக்கெடுப்பிலேயே முதியவர்கள் பத்துக் கோடிக்கு மேல். ஒருவர் இறந்தால்தான் அடுத்தவருக்கு இடம் என்று ஒரு முதியவரைக் காத்திருக்க வைப்பது அரசுக்கு அழகில்லை.

உங்கள் நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழுவே இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்பப் பரிந்துரை செய்திருக்கிறது. இம்முறை அதற்கான பதிலில் எவ்வளவு, எந்தத் தேதி முதல் என்ற இரண்டும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு குடிமகள்