புளியங்கொட்டை போதும், பல்லாங்குழி ஆடலாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 84 வயது. சிங்கப்பூரின் முன்னோடித் தலைமுறையைச் சேர்ந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பக்கவாதத்தில் வலது கை தளர்ந்துவிட்டது. பேச்சும் நினைவும் நன்றாகவே இருக்கின்றன. அங் மோ கியோவில் எங்கள் நாலறை வீட்டில் அவரும் நானும் என் கணவரும் இருக்கிறோம். வயதானவர்களுக்குப் பொழுது போக என்ன செய்யலாம் என்று பல பேர் என்னிடம் கேட்கிறார்கள். நான் கண்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஆண்டு வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை முதியோர் நிலையம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் அன்பானவர்கள், அதில் குறையே இல்லை. ஒரு நாள் பச்சைப்பயறு, சோயா, சிவப்பு ராஜ்மா எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, தனித்தனியாகப் பொறுக்கி வைக்கச் சொன்னார்கள். விரல்களுக்கு நல்ல பயிற்சிதான். அம்மா இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, அரை மணி நேரம் பொறுக்கினார். மூன்று கிண்ணமும் நிறைந்ததும் அங்கே வேலை செய்யும் பெண் ஒருவர் கைதட்டிப் பாராட்டினார். அப்புறம் மூன்றையும் மறுபடி தட்டில் கொட்டிக் கலந்து, பக்கத்தில் இருந்தவர் முன்னால் வைத்தார்.

வீடு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் கேட்டார்: "நான் பொறுக்கி வெச்சத ஏம்மா கொட்டிக் கலக்கிட்டாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு அம்மா அங்கே போக மறுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தேக்காச் சந்தையில் முருங்கைக்கீரை வாங்கி வந்தேன். வழக்கமாக நானே ஆய்ந்துவிடுவேன். அன்று முறத்தோடு அம்மா மடியில் வைத்தேன். காம்பு வேறு, இலை வேறு என்று முக்கால் மணி நேரம் ஆய்ந்தார். பயறு பொறுக்கிய அதே விரல்கள், அதே வேலை. ஆனால் மதியம் கீரைப் பொரியலைச் சோற்றில் போட்டபோது, "தேங்கா இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார். இரண்டு மாதமாக என் சமையலைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருந்தவர் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கைப்பயிற்சிக்கு ரப்பர் பந்து ஒன்று கொடுத்திருந்தார்கள். அது அலமாரியில் கிடக்கிறது. அதற்குப் பதிலாகச் சாயங்காலம் சப்பாத்தி மாவு பிசைந்து தருகிறார். பயிற்சி சொல்லிக்கொடுத்தவரிடம் கேட்டேன். கை நன்றாக விரிந்து மூடினால் போதும், மாவும் நல்லதுதான் என்றார்.

சரி, எல்லா நேரமும் வேலையே செய்ய முடியுமா? விளையாட்டும் வேண்டும். பல்லாங்குழி அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மா வளர்ந்தது தஞ்சோங் பகார் பக்கம், துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில். மரப்பலகை வாங்க வசதியில்லாமல் தரையில் குழி தோண்டி ஆடினார்களாம். அதைக் கேட்டபோதுதான், கையில் இருப்பதை வைத்தே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் முட்டை அட்டையில் செய்தேன். பத்து முட்டை அட்டையில் பக்கத்துக்கு ஐந்து குழி இருக்கும். இன்னொரு அட்டையிலிருந்து நாலு குழியை வெட்டி ஒட்டினால் பக்கத்துக்கு ஏழு, மொத்தம் 14. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் குழி ஆழமாகவும் குறுகலாகவும் இருந்ததால் அம்மாவின் விரல் உள்ளே போகவில்லை. முட்டை அட்டையில் செய்யச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கைக்கு பலம் உள்ளவர்களுக்கு அது சரி, தளர்ந்த கைக்கு ஆகாது. அப்புறம் உணவங்காடியில் சம்பல் கட்டிக் கொடுக்கும் சின்ன வட்ட டப்பாக்களைக் கழுவிச் சேர்த்து வைத்தேன். 14 சேர்ந்ததும் பிஸ்கட் டின் மூடியில் இரண்டு வரிசையாக ஒட்டி, மேசையில் ஈரத்துண்டு விரித்து அதன் மேல் வைத்தேன். நகராது. டப்பா அகலமாக இருப்பதால் ஒரே அள்ளில் காய் கைக்கு வந்துவிடும்.

காய் புளியங்கொட்டைதான். குழம்புக்குப் புளி கரைக்கும்போது விழும் கொட்டையைக் கழுவி, ஜன்னலோரம் காயவைத்தோம். குழிக்கு ஐந்து வீதம் 70 சேர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும், "இன்னிக்கு எத்தன வந்துச்சு?" என்று அம்மா தினமும் கேட்பார்.

பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியும் இப்போது ஆட வருகிறார்; மக்சிக் என்று கூப்பிடுவோம். அவருக்குத் தெரிந்தது சொங்காக். இரண்டிலும் குழி ஏழேழுதான், அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான். ஆனால் சொங்காக்கில் ஆளுக்கு ஒரு பெரிய குழி உண்டு, அது அவரவர் வீடு. சுற்றி வரும்போது அதிலும் ஒரு காய் போட வேண்டும். நம் ஆட்டத்தில் அது இல்லை. நமக்கு ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் அம்மா பசுவை எடுக்கக் கை நீட்டியதும் மக்சிக், "சாலா! சாலா!" (தப்பு! தப்பு!) என்று கத்திவிட்டார். அம்மாவும் விடவில்லை. இருவரும் சிறு வயதில் பேசிய சந்தை மலாயில் கால் மணி நேரம் வழக்காடினார்கள். பக்கவாதம் வந்த பிறகு அம்மா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் செவ்வாய்க்கிழமை சொங்காக், வெள்ளிக்கிழமை பல்லாங்குழி என்று முடிவாகி, இரண்டு பக்கமும் வீட்டுக்கு ஒரு சட்னிக் கிண்ணம் வைத்துக் கொடுத்தேன்.

தாயக்கட்டைக்கும் புளியங்கொட்டையே போதும். ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் தேய்த்தால் வெள்ளையாகிவிடும். எங்கள் வீட்டுத் தரை முழுக்க வழுவழு ஓடு, அதனால் மாடிப்படிச் சிமெண்டில் என் பேத்தி தேய்த்துக் கொடுத்தாள். தாயக் கட்டம் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில். ஐந்து கல்லுக்குப் பழைய ரவிக்கைத் துணியில் பச்சைப்பயறு அடைத்து முக்கோணப் பை தைத்தோம். அதை அம்மா ஆட முடியாது, ஆனால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. காய்க்குச் சிவப்பு விதை தேடுபவர்கள், கறுப்புப் புள்ளி உள்ள குன்றிமணியைத் தொடவே வேண்டாம். அது கடுமையான விஷம். சாகா மரத்தடியில் விழுந்து கிடக்கும் முழுச் சிவப்பு மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு. அதேபோல், மறதி நோய் முற்றியவர்கள் எதையும் வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். அவர்கள் கையில் கொட்டையைக் கொடுக்காமல், பெரிய பாட்டில் மூடிகளைக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

2030ல் நம் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைக் கடந்திருப்பார் என்கிறார்கள். பேட்டைதோறும் துடிப்பாக மூப்படைதல் நிலையங்கள் திறந்திருப்பது மிக நல்ல காரியம். அங்கே வேலை செய்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். புதிதாக ஒருவர் வந்தால், அவருக்கு என்ன வியாதி என்று கேட்பதோடு நிற்காமல், சின்ன வயதில் என்ன விளையாடினார், கையால் என்ன வேலை செய்தார் என்றும் கேளுங்கள். பூ கட்டியவரா, வலை பின்னியவரா, கோலம் போட்டவரா என்று தெரிந்தால், என்ன பொருள் வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். தமிழ் பேசுபவர் ஒருவரே இருந்தாலும், வாரத்தில் ஒரு மணி நேரம் அவரோடு தமிழில் பேச ஒரு தொண்டூழியரை ஏற்பாடு செய்யுங்கள். அவர் பொறுக்கி வைத்ததை, தயவுசெய்து அவர் கண்முன்னால் கலக்காதீர்கள்.

அம்மாவுக்கு இப்போது குழிக்கு ஆறு காய் வைத்து ஆட ஆசை. அதற்கு 84 காய் வேண்டும். கையில் 79 இருக்கிறது. இந்த வாரமும் எங்கள் வீட்டில் புளிக்குழம்புதான்.

அன்புடன்,
வாசகி,
அங் மோ கியோ